சவுத்டேல்: ஒரு மாலும் 5200 கார்களும்

ரொம்ப நாளா பாதி எழுதி தூங்கிட்டு இருந்த பதிவு இது. ஆணி அதிகம், கை வைக்கவே முடியல. இந்த வாரம் கிளையன்ட் பக்கம் பாதிப்பேர் லீவு. அதனால உங்க தலையில கட்டறேன்.

மேட்டர் பார்க்கிங். "ஏன்டா, எழுதறதுக்கு வேற விஷயமே கிடைக்கலையா"ன்னு ஓடிடாதீங்க. இதுல ஒரு ஆஸ்திரியாக்காரர் வர்றார், ஒரு துணிக்கடை முதலாளி குடும்பம் வருது, எங்கப்பாவும் வர்றார். அப்பாவிலிருந்தே ஆரம்பிக்கறேன்.

அப்பா ரிட்டையர்டு சர்வேயர். முப்பது வருஷத்துக்கு மேல சிவகங்கைப் பக்கம் சங்கிலியைப் பிடிச்சு வயலும் கண்மாயும் அளந்தவர். போன வருஷம் இலையுதிர் காலத்துல அம்மாவும் அவரும் மினசோட்டா வந்திருந்தாங்க. வந்த ரெண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலைல, ஈடைனாவில இருக்கற சவுத்டேல் மாலுக்குக் கூட்டிட்டுப் போனேன். அமெரிக்காவோட முதல் முழுசா கூரை போட்ட, ஏசி பண்ணின புறநகர் மால் இதுதான்னு பில்டப் குடுத்துத்தான் கூட்டிட்டுப் போனேன். அம்மா உள்ள போயிட்டாங்க. அப்பா காரை விட்டு இறங்கினவர் நகரவே இல்ல. வெள்ளைக்கோட்டைப் பார்த்துட்டே நிக்கறார். அப்புறம் கட்டத்தோட குறுக்க அடி வச்சு நடந்தார். நீளத்துக்கு நடந்தார். நடுவுல வண்டி போற பாதையையும் நடந்து அளந்தார்.

"ஒன்பதுக்குப் பதினெட்டு. பாதை இருபத்திநாலு. ஏப்பா, இவ்வளவு இடத்தையும் சும்மாவா போட்டு வச்சிருக்கான்?"

"சும்மா இல்லப்பா, பார்க்கிங்."

"அதத்தான் கேக்கறேன். கார் எங்க?"

எனக்குப் பதில் தெரியல. நாலு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், ஒருநாள் கூட அந்தக் கேள்வி எனக்குத் தோணினதில்ல. அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல அப்பாவோட கணக்கை முடிச்சிடறேன், பின்னாடி தேவைப்படும். ரெண்டு வரிசை காரு, நடுவுல பாதை. 18, 24, 18 கூட்டினா 60 அடி. அகலம் 9 அடி. 540 சதுர அடில ரெண்டு கார், அதாவது காருக்கு 270. நுழையற வழி, திரும்பற வழி, விளக்குக் கம்பம், புல்திட்டு எல்லாம் சேர்த்தா 300ல இருந்து 350 ஆயிடும். நடுவுல 325ன்னு வச்சுக்குவோம். ஒரு சென்ட்டுங்கறது 435.6 சதுர அடி. ஆக ஒரு காரை நிறுத்த முக்கால் சென்ட். அப்பா இதை மனசுலயே போட்டுட்டு, "நம்ம ஊர்ல ஒன்றரை சென்ட்ல வீடு கட்டிக் குடும்பமே இருக்கு, ரெண்டு காரு இடம்"னார்.

1956 அக்டோபர் 8ம் தேதி சவுத்டேல் திறந்தப்ப அங்க 5200 கார் நிறுத்த இடம் இருந்துச்சு. முக்கால் சென்ட் கணக்குல பெருக்கிப் பாருங்க. 39 ஏக்கர். எங்க ஊர்ப் பக்கம் 39 ஏக்கர் வச்சிருந்தா அவர் பேருக்கு முன்னாடி நாலு பட்டம் போடுவாங்க.

சரி, இப்ப ஃப்ளாஷ்பேக்.

விக்டர் க்ரூன். 1903ல வியன்னாவில பிறந்த யூதர். அப்ப பேர் விக்டர் க்ரூன்பாம். படிச்சது கட்டடக்கலை, ராத்திரில மேடையேறி அரசியல் நையாண்டி நாடகம். 1938ல ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள்ள நுழைஞ்சதும் தப்பிச்சு நியூயார்க் வந்து சேர்ந்தார். கையில எட்டு டாலரும் ஒரு டி-ஸ்கொயரும்தான் இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. (வந்தேறிங்க கதைல எல்லாம் இப்படி ஒரு டாலர் கணக்கு கட்டாயம் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? நான் வந்தப்ப கையில 500 டாலரும் ஆறு பாக்கெட் புளிக்காய்ச்சலும்.) முதல்ல கடைகளுக்கு முகப்பு டிசைன் பண்ணினார். அப்புறம் டெட்ராய்ட்ல ஹட்சன்ஸ் கம்பெனிக்காக நார்த்லேண்ட் சென்டர் கட்டினார். 1954ல திறந்த அது அந்தக் காலத்துக்கு ரொம்பப் பெரிசு, ஆனா திறந்தவெளி.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். காருக்காகவே கடைத்தெரு கட்டற யோசனை க்ரூனோடது இல்ல. 1920களிலேயே கான்ஸாஸ் சிட்டில ஜே.சி.நிகல்ஸ்னு ஒருத்தர் கன்ட்ரி கிளப் பிளாசான்னு ஸ்பெயின் பாணில கட்டி, காரை எங்க நிறுத்தறதுன்னும் சேர்த்தே யோசிச்சு வச்சார். அங்க பார்க்கிங்கை அலங்காரச் சுவருக்குப் பின்னாடி மறைச்சு வச்சாங்க. நல்லா நினைவுல வச்சுக்குங்க, மறைச்சு வச்சாங்க. முப்பது வருஷம் கழிச்சு மறைக்கவே முடியாத அளவுக்கு ஆயிடுச்சு.

மினியாபொலிஸ்ல டேய்ட்டன்ஸ் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர். (பின்னாடி டார்கெட் கடைய ஆரம்பிச்சது இவங்கதான், 1962ல.) போருக்கப்புறம் ஜனங்க புறநகருக்கு வீடு மாத்திட்டுப் போறாங்க, கடையும் பின்னாலயே போகணும். ஈடைனாவில 463 ஏக்கர் வாங்கினாங்க. ஒரு சதுர மைல் 640 ஏக்கர்னா, இது முக்கால் சதுர மைலுக்குக் கொஞ்சம் கம்மி. இதை அளந்ததும் அப்பா பிடிச்ச அதே 66 அடி கன்ட்டர் சங்கிலிக் கணக்குதான். வெள்ளைக்காரன் நம்ம ஊருக்குக் கொண்டு வந்த சங்கிலியாலதான் அமெரிக்க நிலத்தையும் கூறு போட்டிருக்காங்க. இதைச் சொன்னப்ப அப்பா முகத்துல வந்த சந்தோஷம் மால் ஆஃப் அமெரிக்காவைப் பார்த்தப்ப கூட வரல.

இவ்வளவு நிலம் எதுக்கு? மாலுக்கு மட்டும் இல்ல. அங்கதான் க்ரூனோட கனவு இருக்கு. அந்த 463 ஏக்கர்ல வீடுகள், அடுக்குமாடிகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, ஆபீஸ், பூங்கா, ஒரு ஏரி, நடுவுல மால். வியன்னாவோட நடுத்தெரு மாதிரி, எல்லாரும் நடந்து வந்து கூடற இடம். அமெரிக்கப் புறநகர்ல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க இடமே இல்லை, கார்ல வந்து கார்லயே போயிடறாங்கங்கறதுதான் அவரோட வருத்தம். மனுஷனுக்குக் காரே பிடிக்காது. சாலையோரமா நீளமா வரிசை கட்டி நிக்கற கடைகளைப் பார்த்தா அவருக்குப் பத்திக்கிட்டு வரும்.

மினசோட்டா குளிர் பத்தி இங்க இருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டாம், இல்லாதவங்களுக்குச் சொன்னாப் புரியாது. வருஷத்துல நிம்மதியா கடைக்குப் போற மாதிரி வானிலை இருக்கறது 126 நாள்தான்னு டேய்ட்டன்ஸ் கணக்கு வச்சிருந்தாங்க. அதனால க்ரூன் மொத்தத்தையும் கூரை போட்டு மூடி, வருஷம் பூரா 75 டிகிரி ஃபாரன்ஹீட்ல வச்சார். நடுவுல உயரமான முற்றம், மரம், பெரிய பறவைக்கூண்டு, ஹாரி பெர்ட்டோயாவோட உலோகச் சிற்பங்கள். வெளிய பனி கொட்டும்போது உள்ள நித்திய வசந்தம். 72 கடை. அதுல வேடிக்கை என்னன்னா, டேய்ட்டன்ஸோட நேரடிப் போட்டியாளரான டொனால்ட்சன்ஸையும் கூப்பிட்டு உள்ளயே இடம் குடுத்தாங்க. போத்தீஸ் கட்டற கட்டடத்துல சென்னை சில்க்ஸுக்கு இடம் குடுக்கற மாதிரி. கூட்டம் வந்தா ரெண்டு பேருக்கும் லாபம்னு கணக்கு. செலவு 2 கோடி டாலர்.

நம்ம விஷயத்துக்கு முக்கியமானது க்ரூன் பார்க்கிங்கை எப்படிப் போட்டார்ங்கறது. அதுவரைக்கும் வந்த சென்டர்கள் பெரும்பாலும் ஒரே தளம், நீளமா. கடை நீண்டா பார்க்கிங்கும் நீளும், நடக்கற தூரமும் நீளும். க்ரூன் ரெண்டு தளமாக் கட்டினார். ஆனா ரெண்டு தளம்னா மேல் மாடிக் கடைக்காரர் கத்துவார், "என் கடைக்கு எவன் ஏறி வருவான்"னு. அதுக்கு என்ன பண்ணினார்னா, பார்க்கிங்கையே ரெண்டு மட்டமா ஆக்கினார். ஒரு பக்கம் நிறுத்தினா நேரா மேல்தளத்துக்குள்ள நுழையலாம், இன்னொரு பக்கம் நிறுத்தினா நேரா கீழ்தளம். ரெண்டுமே தரைத்தளம் மாதிரி. பொட்டி தட்டறவங்க பாஷைல சொன்னா லோட் பேலன்சிங், அதுவும் தார் ரோட்டுல. இதைப் படிச்சப்ப எழுந்து நின்னு கைதட்டணும்னு தோணுச்சு. இன்னிக்கும் ரெண்டு மாடி மால்னா பல இடங்கள்ல இதே உத்திதான்.

கூட்டம் அள்ளுச்சு. பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன. கட்டடக்கலை மேதை ஃப்ராங்க் லாய்ட் ரைட் மட்டும் வந்து பார்த்துட்டு, கிராமத் தெருவோட கஷ்டம் எல்லாம் இங்க இருக்கு, அதோட அழகு மட்டும் இல்லைங்கற மாதிரி கடிச்சு வச்சுட்டுப் போனார். அவர் எதைத்தான் நல்லாயிருக்குன்னு சொன்னார், தன்னோட கட்டடத்தைத் தவிர?

ஆனா கனவோட மீதி? மால் வந்ததும் சுத்தி இருக்கற நில மதிப்பு ஏறிடுச்சு. விலை ஏறினா முதலாளி என்ன செய்வார்? திட்டமெல்லாம் ஓரங்கட்டி, நிலம் துண்டு துண்டாப் போச்சு. ஒண்ணுக்கொண்ணு சேராத கட்டடங்கள், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பார்க்கிங். மருத்துவமனை 1965ல வந்துச்சு, ஆனா மால்ல இருந்து அங்க நடந்து போகணும்னா அகலமான ரோட்டையும் ரெண்டு பார்க்கிங்கையும் கடக்கணும். நடுத்தெருவா வரவேண்டியது, தார்க்கடல் நடுவுல ஒரு தீவா நின்னுடுச்சு.

டேய்ட்டன்ஸ் நிக்கல. புரூக்டேல் 1962, ரோஸ்டேல் 1969, ரிட்ஜ்டேல் 1974. நகரத்தைச் சுத்தி நாலு 'டேல்'. நாடு பூராவும் இதே கதை. இதுக்கு வரிச்சட்டமும் ஒரு காரணம். 1954ல கட்டடத் தேய்மானத்தை முதல் சில வருஷத்துலயே வேகமாக் கழிச்சுக்கலாம்னு சட்டம் வந்துச்சு. புதுசாக் கட்டினா லாபக் கணக்குல வரி மிச்சம். அதனால தேவை இருக்கோ இல்லையோ சோளக்கொல்லை நடுவுலயும் மால் முளைச்சுது.

இப்பதான் விரிவாக்கம்னு ஒரு பூதம் வருது.

மால்ங்கறது கட்டி முடிச்சா முடிஞ்சு போற சமாச்சாரம் இல்ல. பக்கத்துல புதுசா ஒண்ணு வந்தா நம்மளும் ஒரு சிறகு சேர்க்கணும், இல்லைன்னா ஜனம் அங்க போயிடும். சவுத்டேலும் அப்படித்தான். 1970களோட தொடக்கத்துல பென்னி கடை வந்துச்சு. 1990களோட தொடக்கத்துல டேய்ட்டன்ஸ் தனக்குப் புதுசா ஒரு பெரிய கட்டடம் கட்டிக்கிட்டு, பழைய இடத்தைச் சின்னக் கடைகளாப் பிரிச்சாங்க. ஆரம்பத்துல சுமார் 8 லட்சம் சதுர அடியா இருந்தது, போகப்போக 13 லட்சத்தை ஒட்டி வந்துடுச்சு.

கடை வளர்ந்தா பார்க்கிங் வளரணும். ஆனா கடை வளர்றதுக்கு இருக்கற ஒரே இடம் எது? பார்க்கிங்! இங்கதான் கணக்கு கடிக்குது. 1965ல அர்பன் லேண்ட் இன்ஸ்டிட்யூட்ங்கற அமைப்பு ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. வாடகைக்கு விடற ஒவ்வொரு 1000 சதுர அடிக்கும் 5.5 கார் இடம் இருக்கணும்னு. நகராட்சிகளெல்லாம் இந்த மாதிரி எண்களைத்தான் பார்த்துச் சட்டம் போட்டாங்க.

ஒரு லட்சம் சதுர அடில ஒரு தளத்துல புதுச் சிறகு கட்டறீங்கன்னு வைங்க. அது உட்கார்ற இடத்துல ஏற்கனவே இருந்த சுமார் 300 கட்டம் போச்சு. புதுக்கடைக்குன்னு 550 கட்டம் புதுசா வேணும். மொத்தம் 850. அப்பா கணக்குல சுமார் 6.4 ஏக்கர். கட்டினதோ 2.3 ஏக்கர். ரெண்டே கால் ஏக்கர் கடை போட ஆறரை ஏக்கர் தார் போடணும். சுத்தியும் ரோடு, அடுத்தவன் நிலம். எங்க போவீங்க? மேல போகணும். அதான் அடுக்குப் பார்க்கிங். மினசோட்டாக்காரங்க இதை 'ரேம்ப்'னுதான் சொல்லுவாங்க. வேற ஊர் அமெரிக்கர்களுக்கே அது புரியாது. தரைல தார் போடறதை விட அடுக்குக் கட்டறது பல மடங்கு செலவு. அதை விட மோசம், அந்தச் செலவுல ஒரு பைசா கூட காரை நிறுத்தறவர் கிட்ட வாங்க முடியாது. இலவச பார்க்கிங்தான் மாலோட அடிப்படை வாக்குறுதியே. டவுன்டவுன்காரன் காசு கேக்கறான், நாங்க கேக்கமாட்டோம்னு சொல்லித்தானே கூட்டத்தை இழுத்தாங்க? அதனால அந்தச் செலவு வாடகைல போய், வாடகை சட்டை விலைல போய், பஸ்ல வந்து சட்டை வாங்கினவனும் சேர்த்துக் கட்டினான்.

அந்தப் பஸ்ல வந்தவன் நான்தான். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்துல கார் கிடையாது, லைசென்ஸ் கிடையாது. வீட்டுக்கிட்ட ஒரு மால் (பேர் வேண்டாம், சவுத்டேல் இல்ல). பஸ் ரோட்டோரமா இறக்கி விட்டுட்டுப் போயிடும். அங்கேயிருந்து மால் வாசலுக்கு நடுவுல பார்க்கிங், நடைபாதைன்னு ஒண்ணே இல்ல. மைனஸ் இருபதுல, காத்து அறைய, உறைஞ்ச தார்ல பெங்குயின் நடை நடந்து போனேன். பனி தள்ளிக் குவிச்ச மலை ஒண்ணு வழில நின்னுச்சு, சுத்திக்கிட்டுப் போனேன். சறுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கி ரெண்டு வாரம் இடது கையால கோடு அடிச்சேன். அன்னிக்கு நான் கடந்த இடத்துல நின்ன கார் பத்து இருக்கலாம். இவ்வளவு காலியான இடத்தை எதுக்குடா கடக்கறோம்னு அப்பவே அப்பா கேட்ட கேள்வி எனக்கு வந்திருக்கணும். வரல, மணிக்கட்டுதான் ஞாபகம் இருக்கு.

பதில் 1982ல இருக்கு. அதே இன்ஸ்டிட்யூட் அந்த வருஷம் ஆய்வைத் திருத்தி வெளியிட்டுச்சு. எந்த நேரத்துக் கூட்டத்தை வச்சு அளக்கறதுன்னு அதுல ஒரு விதி. வருஷத்துல மால் திறந்திருக்கற 3000 சொச்சம் மணி நேரத்தையும் கூட்ட வரிசைப்படி அடுக்குங்க. அதுல இருபதாவது இடத்துல வர்ற மணி நேரத்துக்கு எத்தனை கட்டம் வேணுமோ அத்தனை கட்டுங்க. அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானத்துக்கு. வருஷத்துல 19 மணி நேரம்தான் உள்ள நுழைஞ்சவுடனே இடம் கிடைக்காமச் சுத்துவீங்க. மீதி 99 சதவீத நேரம் இடம் மிச்சம். பாதிக் கட்டங்கள் நாற்பது சதவீத நேரத்துக்கு மேல சும்மாவே கிடக்கும்னு அந்த ஆய்விலேயே கணக்கு இருக்கு.

நாங்க எந்த சர்வரையும் தீபாவளி சேல் கூட்டத்துக்கு அளந்து வருஷம் பூரா ஓட விடமாட்டோம், மேனேஜர் கொன்னுடுவார். தேவைப்படும்போது ஏத்துவோம், அப்புறம் இறக்கிடுவோம். தாரை அப்படி இறக்க முடியாதே. அந்த மணி நேரங்களும் டிசம்பர்ல வருது, மினசோட்டாவில அதே டிசம்பர்ல பனிக்குவியல் வேற மூலைமூலையாக் கட்டத்தைப் பிடிச்சுக்குது.

ஆக, அப்பா போன செவ்வாய்க்கிழமை காலைல கார் எங்கன்னா, கார் டிசம்பர்ல இருக்கு.

இந்தக் கணக்கை எல்லாம் பிரிச்சு மேய்ஞ்சவர் டொனால்ட் ஷூப், லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர். இலவச பார்க்கிங்கோட உண்மையான விலை பத்தி 2005ல 700 பக்கத்துக்கு மேல ஒரு தலையணை எழுதினார். 2025 பிப்ரவரில காலமானார். அவர் சொன்னதோட சாரம், இந்தச் சட்டங்கள்ல இருக்கற எண்கள் எல்லாம் பார்க்கிங் இலவசமாவும் பஸ் இல்லாமலும் இருக்கற புறநகர் இடங்கள்ல, உச்சக் கூட்டத்துல எண்ணினது. காசில்லாம எவ்வளவு கேப்பாங்களோ அவ்வளவையும் 'தேவை'ன்னு சட்டம் ஆக்கிட்டாங்க. அவ்வளவு இலவச இடம் குடுத்ததால எல்லாரும் கார்ல வந்தாங்க. எல்லாரும் கார்ல வந்ததால இன்னும் இடம் வேணும்னு சட்டம். நம்ம தொழில்ல இதுக்கு இன்ஃபினிட் லூப்னு பேர்.

அவர் பேச்சு எல்லாமே எனக்கு முழுசா ஒப்புதல்னு சொல்லமாட்டேன். பார்க்கிங்குக்குச் சரியான விலை வைங்கன்னு அவர் சொல்றது டவுன்டவுனுக்குச் சரி. பஸ்ஸே வராத இடத்துல ரெண்டு வேலை பார்க்கற பொம்பளைகிட்ட "விலை சிக்னல்"னு பேசினா அடிக்க வருவாங்க. ஆனா அந்த எண்களை அவர் கேள்வி கேட்ட விதம் இருக்கே, அதுக்குத் தலைவணங்கணும்.

சரி, இடம் சும்மா கிடக்குன்னு தெரிஞ்சும் ஏன் எடுத்து எதுவும் கட்டல? இது எனக்கும் ரொம்ப நாள் புரியாம இருந்துச்சு. நகராட்சிச் சட்டம் மட்டும் காரணம் இல்ல. மால்ல இருக்கற பெரிய கடைகள் பல இடங்கள்ல தங்களோட கட்டடத்தையும் முன்னாடி இருக்கற பார்க்கிங்கையும் சொந்தமாவே வச்சிருப்பாங்க. மால் முதலாளியோட ஒரு நீண்டகால ஒப்பந்தம் இருக்கும். இத்தனை கட்டம் குறையக்கூடாது, என் வாசல் ரோட்டுல இருந்து தெரியணும், எங்க சம்மதம் இல்லாம தார்ல ஒரு செங்கல் வைக்கக்கூடாது. பாகப்பிரிவினை ஆகாத பூர்வீகச் சொத்து மாதிரி. ஒரு பங்காளி கையெழுத்துப் போடலைன்னா அவ்வளவுதான். (அப்பாவுக்கு இது ஒரே செகண்ட்ல புரிஞ்சுது.)

1992ல சவுத்டேலுக்குச் சில மைல் தள்ளி ப்ளூமிங்டன்ல மால் ஆஃப் அமெரிக்கா வந்துச்சு. ட்வின்ஸும் வைக்கிங்ஸும் ஆடின பழைய ஸ்டேடியம் இருந்த இடம். கிழக்கு மேற்குன்னு ரெண்டு பிரம்மாண்ட ரேம்ப், 12000 காருக்கு மேல, எல்லாம் இலவசம். தரைல தார்க்கடல் விடாம முதல்லயே அடுக்குக்குப் போயிட்டாங்க. சவுத்டேல் என்ன சிறகு சேர்த்தாலும் இனிமே முந்த முடியாதுன்னு ஆயிடுச்சு. மத்த டேல்கள்ல புரூக்டேல் 2010ல மூடியே போச்சு. க்ரூனோட நார்த்லேண்ட் 2015ல மூடினாங்க.

சவுத்டேல் பிழைச்ச விதம்தான் எனக்குப் பிடிச்ச பகுதி. அந்த இன்ஸ்டிட்யூட்டோட எண் பெரிய மால்களுக்கு 1965ல 5.5. 1982ல 5. 1999ல 4.5. 13 லட்சம் சதுர அடிக்குப் பெருக்கிப் பாருங்க. 7150ல ஆரம்பிச்சு 5850க்கு இறங்குது. ஒரு கார் கூடக் குறையாம, காகிதத்துல மட்டும் 1300 கட்டம் விடுதலை. முக்கால் சென்ட்டால பெருக்கினா கிட்டத்தட்ட 10 ஏக்கர்! ஈடைனா மாதிரி பணக்கார ஊர்ல 10 ஏக்கர்னா சும்மாவா? 2014 வாக்குல பார்க்கிங்கோட ஒரு மூலைல ஒன் சவுத்டேல் பிளேஸ்னு 200க்கு மேல வீடுகளோட அடுக்குமாடி எழும்புச்சு. அப்புறம் ஹோட்டல். பென்னி கடை இருந்த இடத்துல 2019 கடைசில லைஃப் டைம் உடற்பயிற்சிக் கூடம். விரிவாக்கம் மறுபடியும் பார்க்கிங்கைத் தின்ன ஆரம்பிச்சுது, இந்தத் தடவை கடைக்காக இல்ல, ஜனங்க குடியிருக்க. பக்கத்து நகரமான மினியாபொலிஸ் 2021ல குறைந்தபட்ச பார்க்கிங் சட்டத்தையே ஊர் முழுக்க ரத்து பண்ணிடுச்சு.

வீடு, ஆஸ்பத்திரி, நடுவுல மால். க்ரூன் வரைஞ்ச படத்துல இருந்தது இதானே? அறுபது வருஷம் லேட்டு.

அவர் பார்க்கல. நகரங்களுக்கு நல்லது செய்யணும்னு மனுஷன் கடைசி வரைக்கும் முட்டி மோதினார். ஃபோர்ட் வொர்த் நகர மையத்தை 1956ல இப்படி வரைஞ்சார், காரெல்லாம் வெளிவட்டத்துல ஆறு பெரிய பார்க்கிங் கட்டடத்துல நிக்கும், உள்ள எல்லாரும் நடக்கணும். அதைக் கட்டவே இல்ல. ராச்செஸ்டர்ல 1962ல நகரத்துக்கு நடுவுலயே மால் கட்டி, காரையெல்லாம் பூமிக்கடியில இறக்கினார். 1968ல அலுத்துப் போய் வியன்னாவுக்கே திரும்பினார். அங்க போனா, 1976ல வியன்னாவுக்குத் தெற்கே ஷாப்பிங் சிட்டி சூட்னு ஒரு ராட்சச மால், சுத்தியும் தார்! ஓடிப்போன இடத்துக்கும் பிள்ளை துரத்திட்டு வந்துடுச்சு. 1978ல லண்டன்ல பேசும்போது, இந்த மால்கள் எல்லாம் எனக்குப் பிறக்காததுங்க, இதுங்களுக்கு ஜீவனாம்சம் குடுக்கச் சொல்லாதீங்கங்கற மாதிரி காட்டமாப் பேசினார். 1980ல செத்துப்போனார்.

எனக்கென்னமோ அவரை முழுசா விட்டுடவும் மனசில்ல. அந்த 5200 கட்டத்தை யாரும் அவர் கையைப் பிடிச்சு வரைய வைக்கலையே. நடந்து பழகின ஊர்க்காரர், காருக்கு முக்கால் சென்ட்னு அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நடுவுல ஒரு முற்றம் கிடைக்கும்னா சுத்தி 39 ஏக்கர் போனா போகட்டும்னு நினைச்சிருக்கார். முற்றமும் நல்ல முற்றம்தான். அம்மா அங்கதான் பெஞ்சுல உட்கார்ந்து, ஒரு குஜராத்தி மாமியோட ரெண்டு மணி நேரம் கைபாஷைல பேசிட்டு இருந்தாங்க.

போன வாரம் அப்பா போன் பண்ணினார். எங்க ஊருக்குப் பக்கத்துல புதுசா ஒரு பெரிய ஜவுளிக்கடை திறந்திருக்காங்களாம். பேச்சு அங்க போனதுமே நான் உஷாராயிட்டேன்.

"பார்க்கிங் எவ்வளவு விட்டிருக்கான்னு நடந்து பார்த்தேன். பதினோரு சென்ட்டு. பதினாலு காரு நிக்கும்."

"பத்துமாப்பா?"

"நான் போனப்ப காரு நாலுதான் இருந்துச்சு. பைக்கு ஒரு இருநூறு இருக்கும், ரோட்டு வரைக்கும் நிக்குது. பைக்குக்கு எத்தனை சென்ட்டுன்னு உங்க ஆளுங்க யாராச்சும் எழுதி வச்சிருக்காங்களான்னு பாரு."

தேடிக்கிட்டு இருக்கேன். உங்க யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க மக்களே, மனுஷன் தினம் போன் பண்றார் :-)